சம்பந்தி பிடித்த கயிறு

மகள் பாறை ஏறப் பழகியது கோயமுத்தூரில், ஒரு கட்டடத்துக்குள், சுவரில் கலர் கலராக முடுக்கியிருந்த பிளாஸ்டிக் கட்டைகளில். கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனை அவள் பார்த்ததும் அங்கேதான். அதில் எனக்கு வருத்தமில்லை. பையனின் அப்பாவும் பாறை ஏறுகிறவர் என்பதுதான் வருத்தம்.

"கல்யாணப் பேச்சு இருக்கட்டுங்க, மொதல்ல எல்லாரும் ஒரு நாள் கடலோரம் போயி ஏறிட்டு வரலாமுங்க" என்றார்.

பெண்ணைக் கொடுக்கப் போகிறவன் வேறென்ன சொல்வான்? "ஆகட்டுங்க" என்றேன். சோமனூரில் தறி ஓட்டுகிற எனக்கு மொட்டை மாடிக்குப் போனாலே மூச்சு வாங்கும். காந்திபுரத்தில் டிராக் பேண்ட் வாங்கும்போதுகூட, கடைக்காரரிடம் மகனுக்கு என்றுதான் சொன்னேன். எனக்கு மகனே கிடையாது.

மேற்குக் கடற்கரையில் நாங்கள் போய் இறங்கிய அன்று நசநசவென்று தூறல். பாறையெல்லாம் ஈரம். பிடி வழுக்காமலிருக்க இடுப்புப் பையில் கொடுத்த வெள்ளைப் பொடி, கடல் காற்றில் தோசை மாவாகிவிட்டது. என் மனைவி குடைக்கடியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை, திரும்பினால் சிரித்துவிடுவாள்.

பையன் உச்சியில் கயிற்றை மாட்டித் தொங்கவிட்டான். ஒரு நுனி என் இடுப்பையும் தொடைகளையும் சுற்றி மாட்டிய பட்டையில். மறுபாதியைக் கீழே நின்று பிடித்துக்கொண்டவர் அவன் அப்பா. நான் வழுக்கினால் அவர் தாங்க வேண்டும். போதும் என்று நான் சொன்னால் மெல்ல இறக்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்பேன். கால் வழுக்கி அந்தரத்தில் தொங்கினேன்.

"ஏனுங்க, சிரமமா இருக்குதுங்களா?" என்றார்.

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. உங்களுக்குத்தான் கை வலிக்கும்."

"எனக்கென்னங்க. நீங்க நிதானமா ஏறுங்க."

ஏறுவதாவது. பட்டை இரண்டு தொடையையும் அறுத்துக்கொண்டிருந்தது. இறக்கிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர்கள் வீட்டில் இன்னும் சரி என்று வாய் திறக்கவில்லை. பெண்ணின் அப்பன் பாதியில் இறங்கிவிட்டான் என்று பேச்சாகி, மகள் ஆசைப்பட்ட இடம் என்னால் தட்டிப்போனால்? கீழே அடிக்கிற அலையைவிட அதுதான் பயமாக இருந்தது. அவருக்கோ, நான் கேட்காமல் இறக்கினால் மரியாதைக் குறைவு. மழை வலுத்தது. சும்மா தொங்குவது நன்றாயிருக்காதே என்று பேச்சுக் கொடுத்தேன்.

"டீ குடிச்சீங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சுங்க" என்றேன், தொங்கியபடியே.

இதைக் கேட்ட மகளுக்குப் பொறுமை போய்விட்டது. அதுவரை அவரை அங்கிள் என்றே கூப்பிட்டு வந்தவள், விடுவிடுவென்று அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, எங்கப்பா பொழுது உளுந்தாலும் சொல்ல மாட்டாருங்க. நீங்களும் கேட்டுட்டேதான் இருப்பீங்க. எறக்கிவுடுங்க."

மாமாவா? நிச்சயம் பண்ணவில்லை, தட்டு மாற்றவில்லை. என் மனைவியின் கையிலிருந்த பன் வாய்க்குப் போகாமல் நின்றது. அவர் திரும்பி என் மகளைப் பார்த்தார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமன் எறக்கிவுடறேன் கண்ணு" என்றார். "நீ நனையாம கொடைக்குள்ள போ."

கயிறு மெதுவாக இறங்கத் தொடங்கியது. எனக்குத்தான் இறங்க மனமில்லை. அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் தொங்கி, ஆசை தீர அழ வேண்டும் போலிருந்தது.