பின்கட்டில் நீல சால்வியா

சின்ன காஞ்சிபுரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும். எழுபதுகளின் தொடக்கம் அது. பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக வேலை கிடைத்து, தனியாளாக அந்த ஊருக்கு வந்திருந்தேன். வீட்டுக்காரர்கள் முன்பக்கம் தறி போட்டு நெய்தார்கள். பின்பக்கத்து ஒற்றை அறையும் அதை ஒட்டிய சமையல் மூலையும் எனக்கு.

அறைக் கதவைத் திறந்தால் ஒரு துண்டு வெற்று நிலம். அதன் ஒரு ஓரத்தில், கச்சாப் பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுகிற பெரிய அண்டா. பட்டின் பசை வெந்நீரில் கரைந்து இறங்கும்போது எழுகிற வாடை, புளித்த கஞ்சியில் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியது போலிருக்கும். எதிர் ஓரத்தில் எடுப்புக் கக்கூஸ். அதன் பின்சுவரில் கீழே ஒரு திறப்பு, அதற்கு வெளியே குறுகலான சந்து. தினமும் காலையில் முனிசிபாலிட்டி வேலைக்காரம்மா ஒருவர் கூடையும் தகரமுமாக அந்தச் சந்து வழியே வந்து அள்ளிக்கொண்டு போவார். அவர் வருகிற நேரத்தில் நான் காப்பி குடிப்பதில்லை.

இந்த இரண்டு நாற்றத்துக்கும் நடுவில்தான் நான் தோட்டம் போட்டேன். கதவைத் திறந்தால் கண்ணுக்கு நல்லதாக ஒன்று தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. குன்னூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, ஒரு பொட்டலத்தில் நீல சால்வியா விதை கொடுத்திருந்தாள். ஒரு முறை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் இருக்கும், பூத்து ஓய்ந்ததும் வெட்டிவிட்டால் திரும்பத் தழைக்கும், வெயிலுக்கும் அஞ்சாது என்றாள்.

விதை கடுகைவிடச் சிறியது. மண்ணைப் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும். ஈர மண்மேல் தூவிய கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சளி போல ஒரு வழவழப்பு கட்டியது. தள்ளிவிடப் போன விரலில் ஒட்டி நூலாக இழுத்தது. சப்ஜா விதை ஊறுவதும் இப்படித்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள்தான் நான். ஆனாலும் உடம்பு கூசியது. முளைத்ததில் பாதி, தண்டின் கழுத்து கறுத்து, அழுகி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தது. சாம்பல் தூவி மிச்சத்தைக் காப்பாற்றி எடுத்து நட்டால், மாவுப்பூச்சி. இலைக்கு அடியில் வெள்ளையாக அப்பியிருக்கும். நசுக்கினால் மஞ்சளாகப் பிசுபிசுக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் பிசுக்கு கையில் இருந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும்.

அப்படி ஒரு நாள் பூச்சி நசுக்கிக்கொண்டிருந்தபோது, சந்தை ஒட்டிய குட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து வேலைக்காரம்மாவின் குரல் கேட்டது.

“அது என்னா செடிம்மா?”

“சால்வியான்னு பேரு. நீலமாப் பூக்கும்.”

“நீலமாவா? எனக்கு ஒண்ணு குடுப்பீங்களா? வூட்டாண்ட வைக்கறேன்.”

அவருக்கு என் அம்மா வயது இருக்கும். இரண்டு நாற்றுகளை மண்ணோடு எடுத்துக் காகிதத்தில் சுருட்டி நீட்டினேன். “கீழ வச்சிடுங்க டீச்சரம்மா, நான் எடுத்துக்கறேன்” என்றார். “பரவால்லை, வாங்கிக்கங்க” என்று கையிலேயே கொடுத்தேன். முற்றத்தில் நூல் உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா இதைப் பார்த்தார். வேலைக்காரம்மா போனதும் என் அருகில் வந்தார்.

“அவகிட்ட என்னா டீச்சர், வாங்க போங்கன்னுக்கினு? அப்புறம் தலைமேல ஏறி உக்காந்துக்குவா.”

நான் மறுபடி பூச்சி நசுக்கக் குனிந்தேன். வாடகைக்கு வேறு இடம் கிடைப்பது தனியாக இருக்கும் பெண்ணுக்கு அவ்வளவு சுலபமில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் கொட்டியது. சந்து நிரம்பி, கக்கூஸின் பின்திறப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து என் பாத்தியில் தேங்கியது. அதில் என்னென்ன மிதந்தது என்று எழுத மனம் வரவில்லை. தண்ணீர் வடிந்தபோது ஒரு செடிகூட உயிரோடு இல்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அழுகியதை எல்லாம் வாரி வெளியே போட்டேன். அக்கா கொடுத்த விதையில் மிச்சம் எதுவும் இல்லை.

தை பிறந்ததும் ஒரு காலை, சுவருக்கு அப்பால் நின்று வேலைக்காரம்மா புடவை முந்தானையின் முடிச்சை அவிழ்த்தார்.

“உங்க செடி பூரா பூடுச்சே. என்னுது ரயில் ரோட்டு மேட்டுல, எண்ணெய் டின்னுல இருக்குது. மழை ஒண்ணும் பண்ணல. காஞ்ச பூவை உருவிக்கினு வந்தேன், வெதை இருக்குதா பாருங்க.”

உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தேன். உமி பறந்து, பழுப்பு நிற விதைகள் நின்றன. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இந்த முறை செங்கல் அடுக்கி, பாத்தியை உயர்த்தி விதைத்தேன். நாற்று பிழைத்தது. நுனி கிள்ளிவிட்டதும் பக்கக் கிளைகள் வெடித்தன. சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடந்தபோது, என் பாத்தியில் நீலக் கதிர்கள் நிமிர்ந்து நின்றன.

வீட்டுக்காரம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். “வாசனையே இல்லையே. தலைக்கு ஆகாது. என்ன ஜாதி டீச்சர் இது?”

“துளசி ஜாதி.”

“துளசி ஜாதியா? அப்ப சாமிக்கு வைக்கலாம்.” சொல்லிக்கொண்டே பறிக்க ஆரம்பித்தார்.

வைகாசியில் வரதர் கருட சேவை. வீடு முழுக்க விருந்தாளிகள். பூஜை அறைப் படங்களுக்கு பின்கட்டுக் கொடியில் பறித்த மல்லிகையோடு நீல சால்வியாவைச் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார் வீட்டுக்காரம்மா. வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அவர் நாத்தனார் அதைத் தொட்டு ரசித்துவிட்டு, வாசல்படியில் நின்ற என்னிடம் கேட்டார்.

“இந்த வெதை எங்க கிடைக்குது டீச்சர்?”

“எங்க அக்கா குடுத்தது மழையில போயிடுச்சு. இது நம்ம சந்துல வேலைக்கு வர்ற அம்மா குடுத்தாங்க. அவங்க வீட்டுச் செடி விதை.”

நாத்தனார் தன் கையை முகர்ந்து பார்த்தார், அதில் ஏதோ ஒட்டியிருப்பது போல. வீட்டுக்காரம்மா ஒரு குச்சியை எடுத்து வந்தார். மாலைகளைக் கையால் தொடாமல், குச்சி முனையில் தூக்கி முறத்தில் போட்டார்.

“சாமி தலையில பீயைக் கொண்டாந்து வச்சிட்டீங்களே டீச்சர்.”

“அது பூதானேம்மா. உங்க மல்லிக்கொடி எங்க நிக்குது? கக்கூஸ் சுவர்லதானே வேர் ஓடியிருக்குது?”

“அது வேற.”

“எப்படி வேற?”

“அது எங்க வூட்டுது” என்றார். கோபமாகக்கூட இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லித் தருவது போலச் சொன்னார். அதுதான் என் வயிற்றைப் புரட்டியது. சளி மாதிரி ஒட்டிய விதையோ, பூச்சியின் பிசுக்கோ, மழையில் வந்த கழிவோ அப்படிப் புரட்டவில்லை. படங்களை மஞ்சள் தண்ணீரால் கழுவினார்கள். எல்லாரும் மறுபடி குளித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அன்று முழுக்க அந்தக் கக்கூஸ் தேவைப்பட்டது. மறுநாள் காலையில் அதை அள்ள அதே அம்மாதான் வர வேண்டும் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

மறுநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பியபோது, பட்டு காய்ச்சி மிஞ்சிய சோடாத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கப் பாத்தியில் ஊற்றியிருந்தார்கள். இலைகள் வெந்த கீரையாகத் தொங்கின. வேரைத் தோண்டிப் பார்த்தேன். அதுவும் வெந்திருந்தது. அந்த வாரமே சந்துக்கு வேறு ஆள் வர ஆரம்பித்தார். முனிசிபாலிட்டி மேஸ்திரியிடம் சொல்லி மாற்றிவிட்டதாக வீட்டுக்காரம்மா அடுக்களையில் யாரிடமோ பெருமையாகச் சொல்வது என் காதில் விழுந்தது.

அதற்குப்பின் அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. அவர்கள் அன்பாகக் கொடுத்தனுப்பும் குழம்பைத் திறக்காமலே வைத்திருந்து, இருட்டியதும் வெளியே கொட்டினேன். பள்ளியில் சக ஆசிரியை ஒருவர் மூலம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு அறை கிடைத்ததும் காலி செய்தேன். “எங்களால உங்களுக்கு எதனா குறையா டீச்சர்?” என்று வீட்டுக்காரம்மா கண்கலங்கினார். நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த வேலைக்காரம்மாவைப் பார்த்தேன். ஒரு ஓட்டலின் பின்வாசலில் வாளியோடு நின்றிருந்தார். இளைத்திருந்தார். நடந்ததைச் சொல்லி, மனசு கஷ்டமாக இருக்கிறது என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“என்னாத்துக்கு டீச்சரம்மா சொன்னீங்க? பெங்களூர்லேர்ந்து வந்துதுன்னு சொல்லிட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அந்தத் தெரு எனக்கு வூட்டுக்குக் கிட்ட. இது ஓட்டல் கக்கூஸு. நாள் பூரா நிறைஞ்சிக்கினே இருக்குது.”

அவரே பேச்சை மாற்றினார்.

“வெதை வேணுமா?”

“வேணும்.”

“யாராவது கேட்டா எங்கேர்ந்துன்னு சொல்லுவீங்க?”

பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார்.

“நர்சரியில வாங்கினேன்னு சொல்றேன்.”

“அதான் சரி” என்று வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் விதை கொண்டுவந்து கொடுத்தார். புது அறையின் மாடியில் தொட்டிகளில் விதைத்தேன். மூன்று நான்கு வருஷம், வெட்ட வெட்டத் துளிர்த்துப் பூத்தது. வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நர்சரியில் வாங்கினேன் என்றே சொன்னேன். சந்தோஷமாக, இரண்டு கைகளையும் நீட்டி விதை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் அருவருப்பாக இருந்தது.