பென்சில் கோடு போட்ட முட்டைகள்

நாயைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குடைய வேண்டாம்.

கேம்பல் பே என்ற தீவுக் குடியிருப்பில் முன்னாள் ராணுவத்தினருக்கு நிலம் கொடுத்தபோது எனக்குப் பக்கத்து மனை ஹவில்தார் சொக்கலிங்கத்துக்குக் கிடைத்தது. பட்டாளத்தின் கோழிப் பண்ணையில் பதினெட்டு வருஷம் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டவர். துப்பாக்கியைவிட முட்டையைத்தான் அதிகம் தொட்டிருப்பார் என்று கிண்டல் செய்வோம். அவர் சிரிக்க மாட்டார்.

விடிந்ததும் கடற்கரையில் நடப்பது அவர் வழக்கம். யாரும் ஏவவில்லை, கூலியும் இல்லை. என்னையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போவார். பெரிய ஆமைகள் ஏறி இறங்கிய தடம் டிராக்டர் போன வழி மாதிரி மணலில் கிடக்கும். முட்டையிட்ட குழிக்குப் பக்கத்தில் அடையாளக் குச்சி நடுவார். தாழம்புதரில் குரங்குகள் கத்தும், அவரும் பதிலுக்குக் கத்துவார். வீட்டில் சிடுசிடுக்கும் மனுஷன் அங்கே வேறு ஆளாக இருந்தார். எனக்கும் அந்த நடை பிடித்துப்போனது.

எழுபத்தாறில் ஒரு காலை, குழி ஒன்று தோண்டிக் கிடந்தது. மணலெல்லாம் மஞ்சள் கரு. பக்கத்திலேயே என் நாய் வயிறு புடைத்துப் படுத்திருந்தது.

"நாம வர்றதுக்கு முந்தி இந்தக் கரையில நாயே கிடையாது தம்பி," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றே நாயைச் சங்கிலியில் கட்டினேன். ஆனால் குடியிருப்பில் இன்னும் இருபது நாய்கள் இருந்தன. அவர் காத்திருக்கவில்லை. முட்டையிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்த நாலு குழிகளைத் தோண்டி, ஏறக்குறைய நானூறு முட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரேஷன் சாமான் வந்த மரப்பெட்டிகளில் மணல் நிரப்பி, வரிசையாக அடுக்கினார். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சில் கோடு. காலையில் கோடு மேலே, மதியம் கீழே, சாயங்காலம் மறுபடி மேலே; மறுநாள் அதுவே தலைகீழாக. பண்ணையில் செய்த அதே முறை.

"திருப்பலேன்னா குஞ்சு ஓட்டுல ஒட்டிக்கும்," என்றார். மதியம் அவர் மனைவி மரகதம் அண்ணி திருப்புவார். சில சாயங்காலங்களில் நானும் திருப்பினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அறுபது நாள் போனது, எழுபது போனது. பெட்டிகளிலிருந்து நாற்றம் கிளம்பியது. அவர் ஒன்றையும் உடைக்க விடவில்லை. கரையில், எந்த நாயிடமும் சிக்காத ஒரு குழியிலிருந்து மட்டும் குஞ்சுகளின் தடம் கடல்வரை போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அடுத்த கப்பலில் வனத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். ஒரு முட்டையின் தோல் மாதிரியான ஓட்டைக் கிழித்துப் பார்த்தார். நகத்தளவு கரு, எப்போதோ செத்தது.

"புரட்டினீங்களா?" என்று கேட்டார்.

"மூணு வேளையும், சாப்."

அதிகாரி முட்டையை மணலில் வைத்தார். "கோழி முட்டை வேற. இதுல கரு ஓட்டோட மேல்பக்கம் ஒட்டித்தான் வளரும். இட்டு ஒரு நாள் போனப்புறம் புரட்டினா செத்துடும்."

"அச்சா," என்றார் சொக்கலிங்கம். அவ்வளவுதான். மரகதம் அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

எல்லாவற்றையும் அவரே புதைத்தார். பென்சில் கோடு ஒன்றுகூட அழியவில்லை. பிறகு என் வீட்டுக்கு வந்து, நாயின் சங்கிலியைத் தன் கையால் அவிழ்த்துவிட்டார்.

"இது ஒரு குழியத்தான் தின்னுச்சு. நான் நாலு."

நானும்தானே திருப்பினேன் அண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன். அவர் போனதும் நாயை மறுபடி கட்டினேன்.

மறு வருஷமும் நடந்தார். நாய் விரட்டும் குச்சி என் கையில். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வந்தார். ஒருநாள் தண்ணீருக்கு நாலடி தள்ளி ஒரு குஞ்சு மல்லாந்து கிடந்து துடுப்புகளை அடித்துக்கொண்டிருந்தது. அவர் காலடியிலேயே கிடந்தது. நான் பின்தங்கி வந்துகொண்டிருந்தேன். குனியாமல், நான் வந்து சேரும்வரை அங்கேயே நின்றார்.

"நீ திருப்பி விடு தம்பி," என்றார்.