கஸ்தூரி அக்காவின் மெஷின் பாடி

கஸ்தூரி அக்கா இறந்த செய்தி எனக்குத் திட்டாகத்தான் வந்தது. பள்ளி விட்டுப் படியேறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி மல்லிகா அத்தை சுவரைப் பார்த்து, "ஐஸ் பொட்டிய கூட மூடாம பூட்டாளே, இன்னா அவசரம் அவளுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மீன் விற்ற இடத்திலேயே மாரடைப்பு.

பதினாறாம் நாள் அக்காவின் படத்திறப்பில் பேச வேண்டியதை இப்போதே, அம்மா தூங்கிய பிறகு எழுதி, பிளாக் அத்தைகள் உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். வியாழக்கிழமை அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன். அக்காவின் பதினாறாம் நாள் முடியட்டும் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் பிளாக்குக்கு அந்த மெஷின் பாடி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மருத்துவமனைக்காரர்கள் முகாம் போட்டு, சென்சார் வைத்த உள்ளாடை ஒன்றை அக்காவிடம் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை வீட்டிலேயே அணிந்தால் மார்பின் சூட்டை அளந்து போன் வழியாக அவர்களுக்கு அனுப்பும். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே சந்தேகம் சொல்லும். ஒருவர் மட்டும்தான் அணிய வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் மாவு கிரைண்டர் முதல் கல்யாணப் பட்டுப்புடவை வரை எல்லாம் மாடிவிட்டு மாடி போகும் வீடுகள் நம்முடையவை. மெஷின் பாடியும் துவைத்துக் காய்ந்து ஊரெல்லாம் சுற்றியது. போனும் கூடவே போனது.

ஒருநாள் நர்ஸ் கூப்பிட்டு, உங்கள் உடம்பு ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கவலைப்பட்டார். "வேல அப்டிம்மா" என்றார் அக்கா.

அதில் ஒரு வாரத்துக் கணக்கு சரியில்லை என்று தெரிந்ததும் டாக்டர் அக்காவை நேரில் அழைத்தார். யார் யார் போட்டீர்கள் என்று கேட்டார். "யாரு போடலன்னு கேளு டாக்டரு, சட்டுனு சொல்லிர்றேன்" என்றாராம் அக்கா.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அளவு சரியில்லை, பட்டை குத்துகிறது என்று அதுவரை குறை சொன்ன யாருமே அதைத் தொட்டதே இல்லை என்று சாதித்தீர்கள். அம்மாவும்தான். அக்கா கெஞ்சவில்லை. செக்கப் பண்ணாதவள் வீட்டுக்கு வஞ்சிரம் கிடையாது, நெத்திலியும் கிடையாது என்று கீழே நின்று அறிவித்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் சாப்பிட்டதும் ஷேர் ஆட்டோ நிரம்பிவிட்டது.

கோளாறு அம்மாவுக்குத்தான். சின்னது, சீக்கிரம் தெரிந்துவிட்டது, இப்போதே எடுத்துவிட்டால் நல்லது என்றார் டாக்டர். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நகரவே இல்லை. அக்கா ஆட்டோவுக்குள்ளிருந்து கூப்பிட்டார்:

"அழு, வாணான்னு சொல்லல. ஏறி குந்திக்கினு அழு. வண்டியும் போய்க்கினு இருக்கும்ல."

அம்மா ஏறினாள். ஆழ்வார்பேட்டை வரை அழுதாள். அதற்கப்புறம், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும்போது குறட்டை விடக் கூடாது என்று அக்காவோடு சண்டை போட்டாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஆட்டோவில் கேட்ட குரலைத்தான். எனக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வராது. அதனால் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்டோ வரச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பதினாறு நாள் பொறு என்று அவளிடம் சொன்ன அத்தைகளே, உங்களில் யாராவது கீழே வந்து முதலில் ஏறி உட்காருங்கள். குறட்டை விட்டாலும் பரவாயில்லை.