வெறுமனே திருப்பிய பாத்திரம்

மிரியம் ஆன்ட்டி போய்ச் சேர்ந்துவிட்டாராம். வீட்டுச் சாமான்களை நியூயார்க்கில் ஒரு யூத அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன் வரிசையில் தோழி ஹம்சா சொன்னாள். அவளுக்குச் சொன்னது அவளுடைய பல் டாக்டர். அவருக்கு யார் சொன்னார்கள் என்று ஜலஜா கேட்டதற்கு, "அதெல்லாம் யாருடி கேட்டா?" என்றாள்.

ஜலஜா புளியோதரை வாங்காமலே வரிசையிலிருந்து விலகினாள்.

முப்பது வருஷத்துக்கு முன், மாயவரத்திலிருந்து வந்திறங்கிய புதிதில், நியூ ஜெர்சி ஹைலண்ட் பார்க்கில் மிரியம் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். வயிற்றில் ஸ்ம்ருதி. எதில் மாமிசம் பட்டிருக்குமோ என்று பயந்து வாழைப்பழத்திலேயே காலம் தள்ளினாள். ஒருநாள் மிரியம், விளிம்பில் சொட்டை விழுந்த நீல எனாமல் பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். "எங்க வீட்டில் பாலுக்குத் தனிப் பாத்திரம், இறைச்சிக்குத் தனிப் பாத்திரம். இது பால் பாத்திரம். இறைச்சி பட்டதே இல்லை. தைரியமாகச் சமை" என்றார். அன்று வைத்த ரசத்தில்தான் ஜலஜா வயிறாரச் சாப்பிட்டாள்.

பிறகு வேறு மாநிலத்தில், ரவுண்ட் ராக்கில் கணவருக்கு வேலை. வீடு மாறிய அவசரத்தில் பாத்திரத்தைக் கழுவி மிரியத்தின் வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வெறும் பாத்திரம். ஒரு பிடி சர்க்கரையாவது போடாமல் அவள் அம்மா யார் பாத்திரத்தையும் திருப்பியதில்லை. போனில் நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். வருஷம் ஏற ஏற வெட்கமும் ஏறியது. நியூ ஜெர்சிக்கே திரும்பி வந்த பிறகும் அந்த நம்பரை அழுத்த விரல் எழவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்ம்ருதிதான் அந்த அருங்காட்சியகத்துக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனாள். வாசல் சோதனையில் காவலர் ஜலஜாவின் சம்படத்தைத் திறந்து பார்த்தார். சர்க்கரைப் பொங்கல்.

"அந்தப் பாத்திரத்துக்கு முன்னாடி வச்சுட்டு வந்துடறேன்டி, ரெண்டே நிமிஷம்."

"அம்மா, இட்ஸ் எ மியூசியம், நாட் எ டெம்பிள்!"

காவலர் சிரித்துவிட்டு, சம்படத்தைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், விளிம்பில் அதே சொட்டையோடு அந்தப் பாத்திரம். ஜலஜா தன்னையறியாமல் கைகூப்பினாள். அருகிலிருந்த வாலண்டியர் பெண்மணி, "மிரியத்தைத் தெரியுமா?" என்று விசாரித்தார்.

"அவங்க... எப்போ இறந்தாங்க?"

"இறந்தாரா? இந்தச் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான். பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இறைச்சிக் கரண்டியை எவன் வைத்தான் என்று போன வாரம்தான் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்! வீட்டு போன் நம்பரைக்கூட இத்தனை வருஷமாக மாற்றாத மனுஷி."

ஜலஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் கழித்தும், நன்றி சொல்ல ஆளை விட்டுவைத்திருக்கிறாரே கடவுள்!

"கூப்பிடுவதானால் இப்போதே கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால் நாளை இருட்டும்வரை போனைத் தொட மாட்டார். இன்னும் பத்து நிமிஷம்தான்."

ஜலஜாவுக்கா தெரியாது? கீழே அவர் மெழுகுவர்த்தி ஏற்றும் வெள்ளிக்கிழமைகளில் மாடியில் இவள் குத்துவிளக்கு ஏற்றியவள்தானே.

"அம்மா, ஜஸ்ட் கால் ஹெர்!"

நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை; விரலுக்கே தெரிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் உச்சியில் மட்டும் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையில் போன் நாலாவது முறை மணியடித்தது. ஐந்தாவது. "எடுங்கோ ஆன்ட்டி" என்று தமிழிலேயே முணுமுணுத்தாள். ஆறாவது.