அப்பாவுக்கு வைத்த பாயாசம்

போன கிழமை எங்கள் வீட்டில் அப்பாவின் திவசம். செத்துப்போன அப்பாவை அன்றைக்கு அம்மா நேரில் கண்டார். நானும் கண்டேன்... சிரிக்காதீர்கள்.

முரசுமோட்டையில் நெல் விதைக்கும் என் அண்ணன் ஒருகாலத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளுக்கு எமன்; இருந்தாலே உடையும் அளவுக்குப் பருமன். சலரோகம் என்கிற நீரிழிவு, பிறஷர், நாலு அடி நடந்தால் மூச்சு. கழுத்தை ஸ்கான் பண்ணிய டொக்டர், இரத்தக் குழாயின் சுவர் தடித்துக்கொண்டு வருகிறது என்றார். அப்பா கண்டாவளை வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர். பயந்துபோன அண்ணன் கொழும்புக்குப் போய், இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷனைச் செய்துகொண்டு வந்தார்.

பிறகு மெலிந்தார். மெலிந்துகொண்டே போனார்... கன்னம் ஒட்டியது. மூக்கு நீண்டது. ஒருநாள் பார்த்தால் — சுவரில் தொங்கும் படத்திலிருந்து அப்பா இறங்கி வந்து கதிரையில் இருக்கிறார்! அன்றிலிருந்து அம்மா அண்ணனை நிமிர்ந்து பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? "என்ன தம்பி, ஏதும் பெரிய வருத்தமோ?" என்று கேட்காத ஆளில்லை. பட்டினி கண்ட சனம் நாங்கள். மெலிந்தவரைக் கண்டாலே எங்களுக்குப் பயம். அப்பா கடைசிவரை ஒல்லியாகவே இருந்து செத்தவர் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது.

திவசத்துக்கு வருவோம். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிடுவது எங்கள் வழக்கம். சாத்தியது நான்தான். மூத்த மகன் என்று காலையிலிருந்து விரதம் இருந்த அண்ணன், தலை சுற்றி உள்ளே மூலையில் குந்தியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பழைய குண்டு அண்ணன் என்றால் கவனிக்காமல் விட முடியுமா?

கொஞ்ச நேரத்தில் உள்ளே கிண்ணம் தட்டுப்படும் சத்தம்.

அம்மா என் கையைப் பிடித்தார். கதவைத் திறந்தேன். வெள்ளை வேட்டியோடு அப்பா இலைக்கு முன்னால் இருந்தார், கையில் பாயாசக் கிண்ணம்.

"இஞ்சருங்கோ..." என்றார் அம்மா. அப்பாவைத் தவிர வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அம்மா, நான்தான். பசி தாங்கேலாமல் ஒரு வாய் குடிச்சிட்டன்..."

அண்ணனை வெளியே கூட்டிவந்து இருத்திவிட்டுக் கதவைச் சாத்தி, இந்த முறை பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டேன். அப்பா இன்னும் சாப்பிடவில்லையே! கிண்ணத்தில் முக்கால்வாசிப் பாயாசம் அப்படியே இருந்தது.

கதைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனுக்கு வேர்க்கத் தொடங்கியது. சட்டென்று முகம் வெளுத்தது. கை நெஞ்சுக்குப் போனது.

"அண்டைக்கு அவருக்கும் இப்பிடித்தான் பிள்ளை வேர்த்தது!" அம்மா கத்தினார். "என்ரை மகனையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்!"

ஆட்டோ பிடித்துக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி முழுக்க அண்ணனின் கையை நான் விடவில்லை. எனக்கும் அப்பாதான் ஞாபகத்தில் நின்றார்.

ஈ.சி.ஜி. பார்த்த டொக்டர் நிமிர்ந்தார். "நெஞ்சுக்கு ஒண்டுமில்லை. இந்த ஒப்பரேஷன் செய்த ஆள் வெறும் வயித்திலை இனிப்புக் குடிச்சா, அது ஒரேயடியாக் குடலுக்குள்ளை பாயும். வேர்க்கும், படபடக்கும்." பிறகு ஆஸ்பத்திரிக் கோப்பில் இருந்த, அண்மையில் எடுத்த கழுத்து ஸ்கானைப் புரட்டினார். "கழுத்துக் குழாய்ச் சுவரிலை அந்தத் தடிப்புக் குறைஞ்சிருக்கு. உங்களிலை மெலிய வேண்டியது அதுதான், மெலிஞ்சிட்டுது. பாயாசத்தின்ரை பக்கம் மட்டும் போகாதேங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னேரம் வீடு திரும்பினோம். சாவி என்னிடம்தான் இருந்தது. கதவைத் திறந்தேன். சோறு, கறி எல்லாம் வைத்தபடி. கிண்ணம் மட்டும் காலி... வழித்துவிட்டதுபோல.

எறும்பாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு எறும்பைக்கூடக் காணவில்லை.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளைக்குக் கூடாதெண்டு, தானே எல்லாத்தையும் குடிச்சிட்டுப் போயிட்டார்," என்றார். பிறகு திரும்பி, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அண்ணனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த திவசத்துக்கும் பாயாசம் உண்டு — படத்தில் இருப்பவருக்கு மட்டும்.