மாமியாரை விட்டுவிட்டுப் போன நாள்

இரும்பண்ணன் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், குழாயைச் சரியாக மூடினோமா என்று பார்த்துவிட்டு வருவார். அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பாவம், கட்டிய நாளிலிருந்து இந்த மனுஷனோடு ஒரு சினிமாவை முழுசாகப் பார்த்தது கிடையாது. இடைவேளையில் வெளியே போனவர் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். கேட்டால், சும்மா காற்று வாங்க வந்தேன் என்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம் எந்த வேலை தங்கும்? வெல்டிங் பட்டறை, தண்ணீர் கேன் போடுவது, பஸ் கம்பெனியில் கிளீனர் என்று ஒரு சுற்று வந்தார். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஒரு பெரிய கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நாற்காலி போட்டு, பக்கத்தில் மின்விசிறியும் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை, விட்டுவிட்டு வந்துவிட்டார். அப்படி என்னதான் கஷ்டம் என்று மனைவி கேட்டதற்கு, நாற்காலிதான் கஷ்டம் என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒட்டிய வேலை ஒன்றே ஒன்று. தங்கையின் டிரம்ஸைத் தூக்குவது.

தங்கை ஒரு பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். டிரம்ஸ் என்றால் பார்க்கிறவர்கள் அந்த உருளைகளைத்தான் நினைப்பார்கள். உருளைக்குள் என்ன இருக்கிறது, வெறும் காற்று! கனமெல்லாம் இரும்பில் இருக்கிறது. வெண்கலத் தட்டுகளைத் தாங்கும் ஸ்டாண்டுகள், சின்ன டிரம்மைப் பிடித்துக்கொள்ளும் கால், பெரிய டிரம்மை அடிக்கக் காலால் மிதிக்கிற பெடல், அவள் உட்காரும் ஸ்டூலின் அடிப்பாகம், எல்லாம் ஒரே நீளப் பையில் போகும். அந்தப் பைக்குக் குழுவினர் வைத்த பெயர் மாமியார். அசைக்க முடியாது, எதிரே நிற்கவும் முடியாது. மாமியார் ஏறியாச்சா என்று கேட்காமல் வேன் கிளம்பியதே இல்லை. இந்த மாமியாரைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற ஒரே ஆள் என்பதால்தான் அவருக்கு இரும்பண்ணன் என்ற பெயரும் வந்தது. வேறு யாரையும் தொட விடமாட்டார். தொட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

மாமியார் மேல் ஒரு பழைய கார்ப்பெட்டைச் சுருட்டி, தன்னுடைய பழைய பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருப்பார். மேடையில் முதலில் விரிப்பது அதைத்தான். அதன் மேல்தான் டிரம்ஸ் நிற்கும். கார்ப்பெட் இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கப் பெரிய டிரம் முன்னால் ஓடிவிடும். பையை எடுத்தால் கார்ப்பெட் தானாக வந்துவிடும் என்பதால், அதை மறக்க வழியே இல்லாமல் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் இறக்கி, மாட்டி, திருகி முடித்ததும் ஆள் மேடைப் பக்கமே இருக்கமாட்டார். எந்தத் திருகாணி கழலுமோ, எந்தத் தட்டு சாயுமோ என்று உள்ளே அடித்துக்கொள்ளும். வேனைச் சுற்றி நடப்பார், டீ குடிப்பார், கேட்வரை போய்த் திரும்புவார். இத்தனை வருஷத்தில் தங்கையின் வாசிப்பை அவர் கேட்டதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான். நம்பினால் நம்புங்கள், ஒரு பாட்டைக்கூட நேரில் முழுசாகக் கேட்டதில்லை.

இரும்பும் ஒருநாள் இற்றுப்போனது. மாடிப்படியில் மாமியாரோடு ஏறும்போது அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. குடலிறக்கம் என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து, இனி கனமான எதையும் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் படுத்துக் கிடந்த அந்த நாட்கள் இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது. அவருக்கல்ல, அவர் மனைவிக்கு.

தேறி எழுந்து தங்கை வீட்டுக்குப் போனால், வாசலில் சக்கரம் வைத்த புதுப் பை ஒன்று ஒல்லியாக நிற்கிறது. உள்ளே எல்லாம் லேசான ஸ்டாண்டுகள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், சுலபமாக வந்தது. அவர் வயிற்றுக்குள் மறுபடி ஏதோ இறங்கியது. இந்தத் தடவை குடல் இல்லை.

தங்கை ஆசையாகக் காட்டினாள். நீ சும்மா கூட வந்தால் போதும், வராவிட்டாலும் நான் பார்த்துக்கொள்வேன் என்றாள். பின்பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. அப்படியென்றால் நான் எதற்கு? ஊரில் எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கிறது, எனக்கு இருந்தது இது ஒன்று. அதையும் சக்கரம் வைத்த பை ஒன்று பிடுங்கிக்கொண்டதே. அன்று இரவு மனைவியிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது. மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து தீர்த்தார்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு கார் ஷோரூமின் திறப்பு விழா, பட்டப்பகலில். வண்டியை மட்டும் ஓட்டுகிறேன் என்று கிளம்பினார். தங்கை வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் மாமியார் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பவே மனசு வரவில்லை. புதுப் பையை வேண்டுமென்றே இரண்டு விரலால் தூக்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஆட்டிக்கொண்டே போய் வேனில் வைத்தார். ரோஷம் கண்ணை மறைத்தது. கார்ப்பெட் மாமியாரோடு கட்டியபடியே வீட்டில் கிடந்தது. தங்கைக்கும் நினைவில்லை. என்றைக்கு அவள் கார்ப்பெட்டைத் தொட்டாள், இன்றைக்கு நினைப்பு வர?

ஷோரூம் தரை முகம் பார்க்கலாம் போல மின்னியது. மேடை என்று தனியாக எதுவும் இல்லை, தரையிலேயே ஒரு மூலை. காவலாளி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய் எங்கோ நிறுத்திவிட்டார். சுற்றி நடக்க வேன்கூட இல்லை. இறக்கி மாட்டுகிற வேலையும் நொடியில் முடிந்துவிட்டது. இரும்பண்ணன் கையைப் பிசைந்துகொண்டு தூணோரம் நின்றார்.

முதல் பாட்டிலேயே பெரிய டிரம் நகர ஆரம்பித்தது. தங்கை மிதிக்க மிதிக்க அது விலகிப் போனது. அவள் காலை நீட்டி எட்டி மிதித்தாள், ஸ்டூலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அப்போதுதான் இவருக்குப் பொறி தட்டியது. ஐயையோ, கார்ப்பெட்! பாவி மனுஷா, இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாயே, இப்போது தூக்கு பார்ப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் பின்னால் இழுத்து வைத்தார்கள். டிரம்முக்கு முன்னால் முட்டுக் கொடுக்க இரும்பண்ணன் ஒரு டயர் கேட்டார், தரை கறையாகும் என்று மேனேஜர் மறுத்துவிட்டார். குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையிடம் குனிந்தார்.

"இனிமே இதெல்லாம் வேணாம்மா. எலக்ட்ரிக் பேடு ஒண்ணு வாங்கிடுவோம். மேசை மேல வெச்சுத் தட்டிட்டுப் போயிடலாம்."

தங்கை முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் இவருக்குத் தன் ரோஷம், தன் வேலை, தன் வயிறு எல்லாம் மறந்துபோயிற்று. விறுவிறுவென்று நடந்து போய், பெரிய டிரம்முக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். முதுகை டிரம்மின் வளையத்தில் சாய்த்தார். சபை முழுக்க எதிரே. மறைந்துகொள்ள ஒரு துண்டுகூட இல்லை.

அடுத்த பாட்டு தொடங்கியது. பின்னாலிருந்து மிதி மெதுவாக விழுந்தது, தயங்கித் தயங்கி. அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை மட்டும் திருப்பினார்.

"நல்லா மிதி. தையல் வயித்துல, முதுகுல இல்ல."

பிறகு விழுந்தது பாருங்கள் அடி! ஒவ்வொன்றும் முதுகெலும்பில் இறங்கி நெஞ்சு வழியாகப் போனது. டிரம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், அந்த ஆள் என்ன வாசிக்கிறார் என்று கேட்டது அவர் காதிலேயே விழுந்தது. கூச்சத்தில் உயிர் போயிற்று. எழுந்து ஓட முடியாது, ஓடினால் தங்கையின் டிரம்மும் கூடவே ஓடும். வேறு வழியில்லாமல் கேட்டார். மூன்றாவது பாட்டுக்கு அப்புறம் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் கால் எப்போது நின்றது என்றும் அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் சாமான்களை ஏற்றி முடித்து, வேன் கதவைச் சாத்தினார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பேடு வாங்கிட்டா உனக்குச் சௌகரியம்தான், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று வேறெங்கோ பார்த்தபடி சொன்னார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப அந்தப் பையை நான் தூக்கிப் பாத்தேண்ணா. நாலு படி ஏற முடியல. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது கனமா இருக்குன்னு சொன்னியா நீ? அதான் மாத்தினேன். உன்னைக் கழட்டி விடுறதுக்கா மாத்துவேன்?"

அவர் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எத்தனையோ மாடிகள், எத்தனையோ படிகள்.

"கனமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அதைச் சொன்னதும் என்னவோ தோளிலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது. வண்டியைக் கிளப்பினார். சிக்னலில் நிற்கும்போது திடீரென்று கேட்டார். கடைசிப் பாட்டில் நடுவே சட்டென்று நிறுத்திவிட்டு, ஒரு மூச்சு விட்டு மறுபடி எடுத்தாளே, அது தப்பா, வேண்டுமென்றேயா? வேண்டுமென்றேதான் என்றாள். நன்றாக இருந்தது என்றார். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு, குரலில் குறும்பை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அடுத்த வாரமும் கார்ப்பெட்டை வீட்டுலயே விட்டுடலாமா?"

"வேணாம், எடுத்துக்கோ" என்றார் இரும்பண்ணன். "எனக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லு."