ரொட்டி பிய்க்கும் முன்னே கண்ணீர்

ஆய்ஜமாலுக்கு லேசில் அழுகை வராது. சொந்த அப்பா இறந்த அன்றுகூட, அழுதுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு திரிந்தவள். பாலைவனத்தை ஒட்டிய ஹோன்கா ஊரின் தபால் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எவனாவது குரலை உயர்த்தினால் ஒரு முறை முறைப்பாள், அவன் பேசாமல் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொள்வான். அப்பேர்ப்பட்டவளுக்கு அறுபத்திரண்டாம் வயதில் அழுமூஞ்சி என்று பேர் வைத்தால் வயிறு எரியுமா எரியாதா?

ஓய்வு பெற்ற பிறகு வந்த வினை இது. ஒரே மகள் இந்திஸோருக்குச் சீர் கொடுக்க வேண்டிய பஞ்சு மெத்தைகளைத் தானே தைக்கிறேன் என்று உட்கார்ந்தாள். காலையில் ஊசியை எடுத்தால் மதியம் வரை தலை நிமிர்வதில்லை. முதலில் கண்ணுக்குள் மணல் விழுந்தது போல உறுத்தியது. அப்புறம் எரிந்தது. அப்புறம் பாலைவனத்து உப்புக்காற்று வீசும் நாட்களில் வாசலில் கால் வைத்தாலே இரண்டு கண்ணும் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. முக்காட்டு முனையால் துடைத்துத் துடைத்து இமையோரமெல்லாம் சிவந்து தடித்துப் போயிற்று.

"வாய்க்கால்ல தண்ணி வரலேன்னு பருத்திக்காரனுங்க புலம்புறானுங்க. உன்னைக் கொண்டுபோய் வரப்புல உட்கார வச்சாப் போதும்" என்பான் புருஷன் குவாந்திக். அவனுக்கு எல்லாமே வேடிக்கைதான்.

வேடிக்கையோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்திஸோருக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த ஊரில் அந்த வயதுக்குள் மற்ற பெண்களுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். வசந்தத்தில் ஒரு நல்ல இடத்திலிருந்து மூன்று அம்மாள்கள் பெண் கேட்டு வந்தார்கள். விரிப்பின் நடுவில் ரொட்டி இருந்தது. பேச்சு சரிப்பட்டு வந்தால் அந்த ரொட்டியை இரண்டாகப் பிய்ப்பார்கள், அதோடு சம்பந்தம் முடிந்த மாதிரி. பிய்த்த பிறகு பெண்ணின் தாய் அழுதால் அது மகளைப் பிரிகிற வருத்தம், எல்லாரும் சேர்ந்து அழுவார்கள். பிய்க்கும் முன்னே அழுதால்? கொடுக்க மனசில்லை, இல்லாவிட்டால் பெண்ணிடம் ஏதோ கோளாறு இருக்கிறது, தாய்க்காரி மறைக்கிறாள். இது எல்லாருக்கும் தெரியும், எவளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

ஆய்ஜமால் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். காற்று நேராக முகத்தில் அடித்தது. பையனின் வேலையைப் பற்றி அவன் தாய் சொல்லச் சொல்ல இவளுக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிகிறது. சிரித்துப் பார்த்தாள். சிரிப்பும் கண்ணீருமாகச் சேர்ந்து காரியம் இன்னும் கெட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், இரண்டாவது கிண்ணத் தேநீரைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். ரொட்டி வைத்தது வைத்தபடி கிடந்தது.

கண்ணில் கோளாறு என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றான் குவாந்திக். ஆண்பிள்ளைக்கு என்ன தெரியும்? தாய்க்கு நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் மகளுக்கும் அது வரும், பேரனுக்கும் வரும் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிடும். அதனால் ஆய்ஜமால் வாயை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி சொன்னபடி கடுந்தேநீரால் தினமும் கண்ணைக் கழுவினாள். எரிச்சல் இரட்டிப்பானது. கோடையில் வந்த இரண்டாவது இடமும் அதே போலப் பார்த்துக்கொண்டு, அதே போல எழுந்து போயிற்று. இந்த முறை அவர்கள் வாசல் தாண்டியதும் ஆய்ஜமால் அந்த ரொட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் கண்களைத் திட்டித் தீர்த்தாள்.

மறுநாளே பக்கத்து நகரமான ஊர்கெஞ்சுக்கு பஸ் ஏறினாள். கண் டாக்டர் சின்னப் பெண். மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, விளக்கை அடித்து, இமைக்காமல் பாருங்கள் என்று சொல்லி எண்ணினாள். மூன்று வரைக்கும்கூடப் போகவில்லை, நிறுத்திவிட்டாள். இமை விளிம்பை அமுக்கிப் பார்த்தாள்.

"அம்மா, உங்க கண்ணு காஞ்சு கிடக்கு."

ஆய்ஜமாலுக்குச் சுர்ரென்று ஏறியது. "காஞ்சா கிடக்கு? இந்தா, என் முக்காட்டைப் பிழிஞ்சு பாரு."

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல கண்ணீரின் மேலே எண்ணெய் மெல்லிசாகப் படிந்திருக்கும், அதைச் சுரக்கிற துளைகள் இமையோரத்தில் இருக்கின்றன, வயதானால் பல பேருக்கு அவை அடைத்துக்கொள்ளும் என்றாள். எண்ணெய் இல்லாவிட்டால் கண் நொடியில் காய்ந்துபோகும், காய்ந்தால் உறுத்தும், உறுத்தினால் வெறும் தண்ணீர் வெள்ளமாக வரும், வந்தது கண்ணில் தங்காமல் கன்னத்தில் ஓடிவிடும். ஊசியும் நூலுமாக இமைக்காமல் உட்கார்ந்திருப்பதும் உப்புக்காற்றும் அதை இன்னும் கெடுக்கும்.

தேநீர்க் கழுவலை அன்றோடு நிறுத்தச் சொன்னாள். காலையும் மாலையும் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண்மேல் வைத்து, இமையை மெல்ல நீவி, விளிம்பைத் துடைக்க வேண்டும். நாளுக்கு நாலு வேளை சொட்டு மருந்து, எரிந்தாலும் எரியாவிட்டாலும். தையலின் நடுவே அடிக்கடி தலை நிமிர்ந்து நன்றாக இமைக்க வேண்டும். வெளியே போனால் கண்ணாடி. முகத்துக்கு நேரே மின்விசிறி கூடாது. அரிப்புக்காக அவள் இரவில் போடும் மாத்திரைகூடக் கண்ணைக் காய வைக்கலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரையே கேளுங்கள் என்றாள். அடியோடு தீராது, கட்டுக்குள் வைக்கலாம், அதற்கும் ஒன்றிரண்டு மாசமாகும்.

ஒன்றிரண்டு மாசமா! ஆய்ஜமால் மூன்று நாள் செய்தாள். ஒழுகுகிற கண்ணில் இன்னும் தண்ணீர் விடுவது என்ன வைத்தியம் என்று நாலாம் நாள் குப்பியைத் தூக்கி அலமாரியில் போட்டாள். இந்திஸோர் அதைப் பார்த்துவிட்டாள். சாதாரணமாக அம்மாவை எதிர்த்துப் பேசாத பெண், குப்பியை எடுத்துவந்து தையல் துணிமேல் வைத்தாள்.

"ரெண்டு இடம் போச்சும்மா. நான் வாய் திறந்தேனா? ஸ்கூல்ல என்ன பேசுறாங்கன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு வயித்துல கட்டியாம், அதான் எங்கம்மா அழுதாளாம். மருந்து போடுறதுகூட உனக்குக் கஷ்டமா இருக்கா?"

அன்றைக்குச் சொன்னதுதான். அதன் பிறகு ஆய்ஜமால் ஒரு வேளை தவறவில்லை, சபித்துக்கொண்டே செய்தாள். துணி சீக்கிரம் ஆறிப்போகும், திரும்ப வெந்நீர். சொட்டு பாதி நேரம் கண்ணுக்குள் போகாமல் காதுக்குள் போகும். சந்தையில் ஒருநாள் டாக்டர் சொன்னாளே என்று நின்று நிதானமாக இமைத்தபோது முலாம்பழக்காரன் ஒருமாதிரியாகச் சிரித்தான். ‘சின்ன வயசுல எனக்கு ஒரு தடவை இப்படிக் கண்ணடிச்சிருப்பியா’ என்று குவாந்திக் வேறு. ஒரு மாசம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எவனாவது எதிரே வந்தால் அடித்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு. ஆறாவது வாரத்தில் ஒருநாள் ஒரு மெத்தை ஓரத்தை முழுசாகத் தைத்து முடித்தாள், முக்காட்டு முனை காய்ந்தே இருந்தது.

பருத்தி எடுப்பு முடிந்த சமயம் மூன்றாவது இடம் வந்தது. அனாபீபி என்று ஒரு பருத்த அம்மாள், கூடவே அவள் தங்கை. பையனுக்கு முப்பத்துமூன்று, மின்சார ஆபீசில் வேலை. இந்திஸோரும் அவனும் இரண்டு முறை பார்த்துப் பேசியிருந்தார்கள், அவளுக்குப் பிடித்திருந்தது. அது ஆய்ஜமாலுக்கும் தெரியும். அன்று காலை துணி ஒத்தடம் இரண்டு தடவை போட்டாள். விருந்தாளிகள் வரும் முன் சொட்டு விட்டாள். ஜன்னலைச் சாத்தி, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அனாபீபி பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். ஆய்ஜமால் இமைத்துக்கொண்டே இருந்தாள். கண் தாங்கியது.

கடைசியில் அனாபீபி ரொட்டியை எடுத்தாள். நடுவில் விரலைக் கொடுத்துப் பிய்த்து, ஒரு பாதியை இவள் கையில் வைத்தாள்.

அந்த ஓசைதான். இருபத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் எழுந்து, இந்த வீட்டில் தூங்கிய பெண். இனி காலையில் வெந்நீர் கொண்டுவந்து வைக்க மாட்டாள். ஆய்ஜமாலுக்கு, அப்பா இறந்தபோது வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த இந்திஸோருக்கு ரொட்டி தெரியவில்லை, அம்மாவின் கன்னம் மட்டும் தெரிந்தது. கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது என்பதையும் மறந்து குப்பியோடு ஓடிவந்தாள்.

"மத்தியானச் சொட்டு போட்டியாம்மா, இல்லையா?"

"இது அது இல்லடி" என்றாள் ஆய்ஜமால். "நெஜமாவே அழுறேன்."

"எனக்குத் தெரியாதா? தலையைச் சாய்."

அனாபீபி குப்பியைப் பார்த்தாள், சிவந்த இமையைப் பார்த்தாள், மெள்ள எல்லாம் விளங்கிற்று அவளுக்கு. கையில் இருந்த பாதி ரொட்டியை ஒரு கணம் பார்த்துவிட்டு அதில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "ரொட்டி பிய்ச்சாச்சு சம்பந்தி. இனி எதுக்கு வேணாலும் அழுங்க. முதல்ல பொண்ணு சொல்றபடி மருந்தைப் போட்டுக்கோங்க."

மகளும் நம்பவில்லை, சம்பந்தியும் நம்பவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையாக அழுகிறாள், அதை நம்ப ஒரு ஜீவன் இல்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மடியில் பாதி ரொட்டியோடு ஆய்ஜமால் தலையைச் சாய்த்தாள். இந்திஸோர் வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று விட்டு, வழிந்ததைத் தன் கையால் துடைத்துவிட்டாள்.